ஓடு என்றால் ஓட மாட்டோம், வா என்றால் வருவோம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சண்டை. சண்டை என்றால் குரல் உயர்த்திய சண்டை இல்லை. அப்பா பேசினார், அம்மா தலையாட்டினார், தங்கச்சி பேசவே இல்லை. அந்த மாதிரிச் சண்டை.

விஷயம் இதுதான். தங்கச்சி ஒன்பதாவது முடித்துவிட்டாள். ஜூன் வந்தால் பத்தாவது. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் டீமில் இருக்கிறாள். அப்பா சொன்னார்: "இந்த வருஷத்தோட போதும்மா. பத்தாவது முடிச்சிட்டு எவ்வளவு வேணும்னாலும் விளையாடிக்க." அம்மா தன் பங்குக்கு, "வெயில்ல நின்னு நின்னு எப்படிக் கறுத்துட்டா பாருங்க" என்றார். தங்கச்சி எழுந்து போய்ப் பையிலிருந்த நீ-கேப்பை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு டிவியைப் போட்டாள். அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே வசனத்தை, இதே கூடத்தில், நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்கிறேன். அப்போது நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். அந்த "சரிப்பா"வால்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். (கொஞ்சம் நீளம். தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க.)

ஆறாவது, ஏழாவது படிக்கும்போது நான் கோ-கோ விளையாடினேன். பெரிய ஆட்டக்காரி எல்லாம் இல்லை. குறுவட்டப் போட்டி வரைக்கும் போனோம். இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்று, பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்துவிட்டு ஊர் திரும்பினோம். தோற்ற வருத்தம் மறந்தே போச்சு. அந்தச் சோடா மட்டும் ஞாபகம் இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். நாங்கள் திரும்ப உள்ளே போனது 2021 செப்டம்பரில். அப்போது நான் ஒன்பதாவது. கோ-கோ கம்பம் இரண்டில் ஒன்றைக் காணவில்லை. இருந்தாலும் பழைய ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து மறுபடி ஆரம்பித்தோம். சில மாதம்தான். அதற்குள் "பத்தாவது வருது" வந்துவிட்டது.

பத்தாவது வந்தது, போனது. பன்னிரண்டாவதும் வந்தது, போனது. "முடிச்சிட்டு விளையாடிக்க" என்றார்களே, அந்த "முடிச்சிட்டு" மட்டும் வரவே இல்லை. 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது. பெண்கள் இறுதி ஆட்டத்தில் இந்தியா நேபாளத்தை 78-40 என்று ஜெயித்தது. திருப்புதல் தேர்வுக்கு நடுவில் அம்மாவின் போனில் அதைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஆடுகிறவர்கள் முதுகில் தட்டி "கோ" கொடுக்கும்போது, என் முதுகில் யாரோ தட்டின மாதிரி ஒரு உணர்வு. போனை அணைத்துவிட்டு வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்தேன். சேர்க்க வந்த கையோடு எல்லாரும் மலைக்கோட்டை ஏறினோம். நானூற்றுச் சொச்சம் படி. பாதியில் எனக்கு மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த பாட்டி என்னைத் தாண்டி ஏறிப் போய், மேலே நின்று கையசைத்தார். (பாட்டி வயலுக்குப் போகிறவர். நான் டியூஷனுக்குப் போனவள்.)

நான் மட்டும்தானா?

முதலில் நான் மட்டும்தான் இப்படி என்று வெட்கமாக இருந்தது. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் பெரிய கூட்டத்தில் ஒருத்தி.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஓட்டம், ஆட்டம், சைக்கிள், நடனம் எதுவானாலும் சரி. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளில், 11 முதல் 17 வயதுள்ள 16 லட்சம் மாணவர்களின் விவரங்களைத் தொகுத்து 2019-இல் லான்செட் குழுமத்தின் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். 2016-ஆம் ஆண்டுக்கான கணக்கு அது. அதன்படி 81 சதவீதம் பேர் அந்த 60 நிமிடத்தைத் தொடவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. தென் கொரியாவில் பெண்களில் 97 சதவீதம்!

இந்தியா மற்ற நாடுகளை விடக் கொஞ்சம் மேல். நம் ஊரில் ஏறக்குறைய 74 சதவீதம். ஆஹா என்று காலரைத் தூக்குவதற்கு முன்னால் காரணத்தையும் கேளுங்கள். பையன்களுக்குக் கிரிக்கெட் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெண்களுக்கு? வீட்டு வேலை காரணமாக இருக்கலாமாம்! தண்ணீர்க்குடம் தூக்கியதையும் வீடு பெருக்கியதையும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்துத்தான் நமக்கு இந்த மார்க். படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதற்கெல்லாம் பெரியவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான். செல்போன். "எந்நேரமும் அதை நோண்டிக்கிட்டே இருந்தா எங்கேர்ந்து விளையாடுவீங்க?" செல்போனுக்கு நான் வக்கீல் இல்லை, எனக்கே அந்த வியாதி உண்டு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பழைய விவரம் கிடைத்த நாடுகளில் 2001-ஐயும் 2016-ஐயும் ஒப்பிட்டிருக்கிறார்கள். 2001-இல் பையன்களில் 80 சதவீதம், 2016-இல் 78. பெண்களில் அப்போதும் 85, பிறகும் 85. 2001-இல் யார் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது? போன் வருவதற்கு முன்பே நாம் உட்கார்ந்துவிட்டோம். போன் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஆக, "ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்" என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, "வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள்" என்று கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள்?

ஹாஸ்டல் மெஸ்ஸிலும் வகுப்பிலும் ஊரிலும் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் கேட்டேன். ஆராய்ச்சி எல்லாம் இல்லை, அரட்டைதான். இட்லிக்குச் சட்னி வரும் வரை பேச ஒரு விஷயம் வேண்டாமா?

வந்த பதில்கள்: "உடம்பு குறையணும்." "படம் பார்த்துட்டு வெறி வந்துச்சு." (2018-இல் 'கனா' பார்த்து ஒருத்தி கிரிக்கெட் பேட் வாங்கியிருக்கிறாள். 2025-இல் 'பைசன்' பார்த்துவிட்டு வந்த என் மாமா பையன் மூன்று நாள் தண்டால் எடுத்தான். நான்காம் நாள் கைவலி.) "போலீஸ் வேலைக்குப் போகணும்." "ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட் கிடைக்கும்னு அப்பா சேர்த்துவிட்டார்." "என்.சி.சி.ல பரேடு முடிஞ்சதும் டிபன் குடுப்பாங்க." "ஃபிரெண்டு போனா, நானும் போனேன்." "அவன் ஷட்டில் ஆட வருவான்." (யார் அந்த அவன் என்று கடைசி வரை சொல்லவில்லை. :-) )

ஒன்றைக் கவனித்தீர்களா? "பிற்காலத்துல சர்க்கரை வியாதி வராம இருக்கணும்" என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் எழுதுவதும், கட்டுரைப் போட்டியில் நாம் எழுதுவதும் அதைத்தானே? பதினைந்து வயதில் நாற்பத்தைந்து வயது என்பது வேறு கிரகம். அங்கே வரப்போகும் வியாதிக்காக இன்று காலை ஐந்தரை மணிக்குப் போர்வையை விலக்க யாராலும் முடியாது. உடல்நலம் நல்ல காரணம்தான். ஆனால் அது எழுப்பிவிடும் காரணம் இல்லை.

மற்ற காரணங்களை நான் கேலி செய்ய மாட்டேன். வேலைக்காக ஓடுவது கேவலமா? காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காக விடியற்காலையில் எங்கள் ஊர் ஆற்றங்கரை ரோட்டில் ஓடுகிற அண்ணன்களைப் பார்த்தால் மரியாதைதான் வரும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, இன்ஜினியரிங் சேர்க்கையிலும் ஒதுக்கீடு இருக்கிறது. எங்களைப் போன்ற குடும்பங்களில் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப அப்பாவைச் சம்மதிக்க வைப்பது பல நேரம் அந்தச் சான்றிதழ்தான். அது இருக்கட்டும்.

ஆனால் இந்தக் காரணங்களுக்கு எல்லாம் காலாவதித் தேதி உண்டு. தேர்வு முடிந்தால் ஓட்டம் முடிந்தது. சீட் கிடைத்தால் பந்து பரண் மேல். ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதக் கட்டணம் கட்டி இரண்டே வாரம் போன ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். (நான்தான்.) எடை எந்திரம் தினமும் அதே எண்ணைக் காட்டினால் யார்தான் போவார்கள்?

1971-இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கல்லூரி மாணவர்களிடம் கட்டைகளைப் பொருத்தும் புதிர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு, முடித்த புதிருக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் கிடையாது. பிறகு காசை நிறுத்திப் பார்த்தபோது, காசு வாங்கிப் பழகியவர்களுக்கு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடும் ஆசை குறைந்திருந்தது. விளையாட்டாக இருந்த ஒன்று அவர்களுக்குக் கூலி வேலையாகிவிட்டது.

டெசியும் ரிச்சர்ட் ரையனும் இதை வைத்துப் பெரிய கோட்பாடே எழுதினார்கள். நான் புரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு காரியத்தை யாரும் விரட்டாமல் தானாகச் செய்ய மனுஷனுக்கு மூன்று வேண்டும். ஒன்று, "இது என் இஷ்டம்". இரண்டு, "என்னால் முடிகிறது". மூன்று, "எனக்கு ஆள் இருக்கிறது".

இப்போது நம் பள்ளிக்கூட மைதானத்தை இந்த மூன்றையும் வைத்துப் பாருங்கள்.

மைதானம் எப்படி வெறுத்துப் போகிறது

முதலில் "என் இஷ்டம்". லேட்டாக வந்தாயா? கிரவுண்டை மூன்று சுற்று ஓடு. வீட்டுப்பாடம் எழுதவில்லையா? தோப்புக்கரணம் போடு. பேசினாயா? முட்டி போடு. நமக்குத் தெரிந்த உடற்பயிற்சி பாதி, தண்டனையாகத்தான் அறிமுகம் ஆனது. இம்போசிஷன் எழுதி எழுதி எழுத்தே வெறுத்த மாதிரி, சுற்று ஓடி ஓடி ஓட்டம் வெறுத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்திருக்கிறது. ஆனால் ஓடவிடுவதைத் தண்டனை என்று யாரும் நினைப்பதே இல்லை. "உடம்புக்கு நல்லதுதானே" என்பார்கள். அங்கேதான் கோளாறு. உடம்புக்கு நல்லது என்று சுவரில் எழுதியதையே தப்புச் செய்தவனுக்குத் தண்டனையாகக் கொடுத்தால், பிள்ளை எதை நம்பும்?

இரண்டாவது "என்னால் முடிகிறது". எங்கள் வகுப்பில் ஒரு பையன். கொஞ்சம் பருமன். ஆறாவதில் ஒரு நாள் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தான். அன்றைக்கு எவனோ "லாரி" என்று பெயர் வைத்தான். மொத்த வகுப்பும் சிரித்தது, நானும் சிரித்தேன். அடுத்த இரண்டு வருஷம் ஒவ்வொரு பி.டி. பீரியடிலும் அவன் வேப்பமரத்தடியில் நின்றான். முழங்கால் வலி என்று வீட்டிலிருந்து ஒரு கடிதம். அந்த வலி முழங்காலில் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இப்போது அவனைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

அந்தப் பையனுக்கு ஏற்ற ஒரு ஆட்டம் அந்த மைதானத்தில் இல்லாமல் இல்லை. குண்டெறிதல் இருந்தது, கபடி இருந்தது. ஆனால் பந்தும் நேரமும் சாரின் கவனமும் டீமில் இருக்கும் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். மீதிப் பேர் கைதட்ட. அறுபது பேர் வகுப்பில் பதினைந்து பேர் ஆடி நாற்பத்தைந்து பேர் பார்த்தால் அதற்குப் பெயர் விளையாட்டு வகுப்பா, சினிமாக் கொட்டகையா?

அதுவும் அந்த வகுப்பு நடந்தால்தானே! வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். ஒன்றைக் கணக்கு மிஸ் "கடன்" வாங்குவார், இன்னொன்றை அறிவியல் சார். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும் இல்லையா? என் பன்னிரண்டு வருஷப் படிப்பில் ஒரு பி.டி. பீரியட் கூட திரும்பி வந்ததில்லை. கடன் வாங்காதீர்கள் என்று அமைச்சர்களே மேடையில் கேட்டுக்கொள்ளும் நிலைமை. பத்தாவதில் ஐந்து பாடம், 500 மார்க். அந்த 500-இல் மைதானத்துக்கு ஒரு மார்க் கூடக் கிடையாது. மார்க் இல்லாததை நம் ஊரில் யார் மதிப்பார்கள்?

பெண்கள் கதை தனி. பாவாடை தாவணியோ சுடிதாரோ, ஷாலை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும். மாதவிடாய் நாளில் "இன்னிக்கு முடியாது" என்பதை ஆண் ஆசிரியரிடம் சொல்லத் தெரியாமல் லீவு போட்டவர்கள் எத்தனை பேர். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டால் மைதானம் பையன்களுடையது. நாங்கள் ஓரமாக நடந்து போக வேண்டியதுதான். ஊர் மைதானத்திலும் அதே கதை. எவரும் "வராதே" என்று போர்டு மாட்டவில்லை. ஆனால் இரண்டு பெண்கள் ஷட்டில் மட்டையோடு போனால் நான்கு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் நாமே வீட்டில் இருந்துகொள்வோம். "பொண்ணுங்களுக்கு விளையாட்டுல ஆர்வம் கம்மி" என்று பேர் வந்துவிடும்.

முதுகில் ஒரு தட்டு

மூன்றாவது, "எனக்கு ஆள் இருக்கிறது". என் கருத்தில் பதின்ம வயதில் மற்ற இரண்டையும் இழுத்து வருவது இதுதான்.

என் கதையையே சொல்கிறேன். தீபாவளி முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய வாரம். என் ரூம்மேட், கரூர்க்காரி, காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பி, "கிரவுண்டுக்குப் போறேன். வர்றியா?" என்றாள். ஏன் என்று கேட்கக் கூட எனக்குத் தெம்பு இல்லை. போனேன். முதல் நாள் இரண்டு சுற்று நடந்தோம், ஓடக்கூட இல்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்தோம். அடுத்த வாரம் பக்கத்து அறையில் இருந்து இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஜனவரியில் ஐந்து சுற்று நிற்காமல் ஓடினோம். இதில் கோச்சும் இல்லை, ஆப்பும் இல்லை, கட்டணமும் இல்லை.

ஒரு நாள் மழை தூறியது. யாரும் வரமாட்டார்கள் என்று நான் படுத்துவிட்டேன். ஆறு மணிக்குப் பல் தேய்க்கப் போகும்போது பார்த்தால், மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். "உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம்" என்றார்கள். எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? அன்றிலிருந்து நான் லேட்டாகப் போனதில்லை. எனக்காக மூன்று பேர் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு செய்கிற வேலையை, எந்தச் சுவர் வாசகமும் என்னிடம் செய்ததில்லை.

யோசித்தால் கோ-கோவும் அதுதானே? எட்டுப் பேர் வரிசையில் உட்கார்ந்திருப்போம். நம் இஷ்டத்துக்கு எழுந்து ஓட முடியாது. பின்னால் வருகிறவள் முதுகில் தட்டி "கோ" என்று சொன்னால்தான் எழ வேண்டும். அவள் தட்டுவாள் என்று காத்திருப்பதும் ஆட்டம்தான்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணி கபடியில் தங்கம் வாங்கியது. அணியின் துணைத் தலைவி சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. எல்லாரும் தங்கத்தைப் பற்றியும் பரிசுத் தொகையைப் பற்றியும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். எனக்கு அதில் பட்டது வேறு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கபடிக் குழு இருந்திருக்கிறது. கூட ஆட ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஊருக்கு ஒரு கார்த்திகா வருவாரா என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவுக்கு ஒரு குழு இருந்தால், பதக்கம் வாங்காத இருபது பேரும் தினமும் வியர்வை சிந்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அது கணக்கில் வராதா?

"எனக்குக் கூட்டமே பிடிக்காது, தனியாக இயர்போன் மாட்டிக்கொண்டு ஓடினால்தான் நிம்மதி" என்று சிலர் சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். என் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், தனியாக யோகா செய்கிறாள். அவளிடமும் கேட்டேன், எப்படி ஆரம்பித்தாய் என்று. "சின்ன வயசுல எங்க அத்தை பக்கத்துல உட்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். தனியாகத் தொடரலாம். தொடங்கி வைக்க யாரோ ஒருவர் வேண்டியிருக்கிறது.

அப்பா கட்சி

அப்பாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாவம். அவர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். எங்கள் இருவர் படிப்பைத் தவிர அவருக்கு வேறு சேமிப்பு கிடையாது. பத்தாவது மார்க்கை வைத்துத்தான் பதினொன்றில் எந்தக் குரூப் என்று பேச முடியும். அவர் பயப்படுவதில் தப்பில்லை. பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் தப்பு.

விளையாடினால் மார்க் குறையும் என்பது நம் ஊரில் நிரூபணமே தேவையில்லாத உண்மை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் இதைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பள்ளியில் உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் இடையே 251 தொடர்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்ததில், பாதிக்குச் சற்று மேல் படிப்புக்கு நல்லதாகவே இருந்தது. ஏறக்குறைய மீதிப் பாதியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கெடுதலாக இருந்தது 1.5 சதவீதம் மட்டும். "விளையாடினால் மார்க் கொட்டும்" என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். விளையாட்டை நிறுத்தினால் மார்க் ஏறும் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதை மட்டும் சொல்வேன். எனக்கே தெரியுமே, நிறுத்திய அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன இயற்பியலா படித்தேன்? புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தேன்.

ஆகவே பெரியவர்களே, ஆசிரியர்களே, என் சிற்றறிவுக்கு எட்டிய சில விஷயங்கள்:

1. பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள். வாங்கினால் வட்டியோடு திருப்பிக் கொடுங்கள்.

2. ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். திட்டிவிடுங்கள், பரவாயில்லை.

3. எதை ஆடுவது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பாட்டுப் போட்டு ஆடினாலும் மூச்சு வாங்கும்.

4. ஸ்கூல் டீம் இருக்கட்டும். கூடவே தோற்பதற்கென்று ஒரு டீமும் இருக்கட்டும். அதில்தான் நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

5. வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது மைதானத்தைப் பெண்களுக்கென்று விடுங்கள். பூட்டாத, தண்ணீர் வருகிற கழிப்பறையும் வேண்டும்.

6. வீட்டுக்கு வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்காமல் "யார் யார் வந்தாங்க?" என்று கேளுங்கள்.

நமக்கும் ஒன்று இருக்கிறது, நண்பர்களே. எவனாவது கடைசியாக வந்தால் சிரிக்காமல் இருப்போம். பெயர் வைக்காமல் இருப்போம். காலையில் கிளம்பும்போது பக்கத்துக் கட்டிலையும் ஒரு தட்டுத் தட்டுவோம். வராவிட்டால் போகட்டும், நாளைக்கு இன்னொரு தடவை தட்டுவோம்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். அன்று இரவு அப்பாவிடம் இதில் பாதியைச் சொன்னேன். (146 நாட்டுக் கணக்கைச் சொன்னபோது கொட்டாவி விட்டார்.) மலைக்கோட்டைப் படியில் நான் உட்கார்ந்ததைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவரும் அங்கேதான் இருந்தார், என்னைக் கைபிடித்துத் தூக்கிவிட்டவர் அவர்தான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாயங்காலம் திரும்பி வரும்போது கூட யார் வர்றா?"

மார்க்கை விட இதுதான் அவருடைய பெரிய பயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தங்கச்சி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே நான்கு பெயர்களைச் சொன்னாள். இருவர் எங்கள் தெரு, இருவர் அடுத்த தெரு. நான்கு பேரும் இவளும் சேர்ந்துதான் நடந்து வருவார்களாம். இத்தனை நாளாக அப்பா கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அரையாண்டுத் தேர்வு வரைக்கும் போகலாம், மார்க்கைப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. முழு வெற்றி இல்லை. டிசம்பரில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் என்னைப் போல அவள் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை. நீ-கேப் மறுநாள் காலையில் ஜன்னல் திண்டில் இல்லை. துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தாள்.

உங்களுக்கு யார் முதுகில் தட்டினார்கள்? நீங்கள் யாரைத் தட்டினீர்கள்? யோசித்துப் பாருங்கள்.

பி.கு: மே மாதம் பாட்டியோடு மறுபடி மலைக்கோட்டை ஏறுவதாகத் திட்டம். இந்தத் தடவை ஜெயிப்பேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கூடவே ஏறினால் போதும்.